நாலு எண்ணுறதுக்குள்ள

அந்த பெஞ்சுல உக்காருங்க சார். ரோட்டைப் பாக்காம சுவரைப் பாத்துப் போட்டிருக்கேன்னு யோசிக்கிறீங்க, இல்லையா? வர்றவங்க எல்லாரும் கேக்குறதுதான். வெயில் சார். காலையில ஏழு மணிக்கே மூஞ்சியில வந்து அடிக்குது. அதான் திருப்பிப் போட்டுட்டேன்.

வண்டியப் பாத்துட்டேன். நீட்டு ஸ்க்ரூ டிரைவரக் காதுல வச்சும் கேட்டுட்டேன். நீங்க சொல்றது சரிதான், ஒரு சத்தமும் இல்ல. தையல் மிஷின் மாதிரி ஓடுது. ஆனா நீங்க ஒண்ணு கேட்டீங்க பாருங்க. ஒண்ணுமில்லைன்னு லெட்டர் பேடுல ஒரு வரி எழுதிக் குடுங்க, வீட்ல காட்டணும், தினம் காலையில சத்தம் வருது சத்தம் வருதுன்னு உசுர வாங்குறாங்கன்னு. அது மட்டும் என்னால ஆகாது சார். கோவிச்சுக்காதீங்க. லெட்டர் பேடே இப்பக் கிடையாது. வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். நூறு தாள்ல ஒரே ஒரு தாள்தான் கிழிச்சிருந்துச்சு.

அந்த ஒரு தாளு எங்க போச்சுன்னு சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் அவசரமில்ல. எப்படியும் வண்டி ஆறணும்.

என் பேரு இன்னாசி. வெளிய போர்டுல பாத்திருப்பீங்க. இந்தப் பெரியகுளத்துல வந்து கேளுங்க, இன்னாசி காது வச்சா இஞ்சின் வாயத் திறந்துரும்பாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். வண்டி தெருமுனையில திரும்பும்போதே இது வால்வு சத்தம், இது பேரிங்குன்னு சொல்லிருவேன். முப்பத்திரண்டு வருசமா இந்தக் காதுதான் சோறு போடுது.

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஆடி மாசம். மங்கையர்க்கரசி டீச்சர்னு ஒருத்தங்க. மங்கை டீச்சரும்பாங்க. இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ரெண்டு பஸ் மாறிப் போயிட்டிருந்தவங்க, நாப்பத்தஞ்சு வயசுல கார் ஓட்டப் படிச்சு, முதத் தடவையே லைசென்ஸ் வாங்கி, சொந்தச் சம்பளத்துல ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்குனாங்க. சாம்பக் கலரு. பதினாலு வருசத்து வண்டி. அந்த வண்டியில காலையில நம்ம கடைய அவுங்க கடந்து போறதப் பாக்கணும் சார். கண்ணாடிய இறக்கிவிட்டு, முதுகு நேரா, ராணி மாதிரி. போறப்ப ஒரு சின்ன ஹாரன் எனக்கு. வணக்கம் சொல்ற மாதிரி.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில வண்டிய உள்ள விட்டாங்க. காலையில முதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சத்தம் வருது, தகர டப்பாவுல புளியங்கொட்டையப் போட்டுக் குலுக்குன மாதிரி, நாலு எண்ணுறதுக்குள்ள நின்னுருதுன்னு சொன்னாங்க. நான் பானட்டத் திறந்தேன், காது வச்சேன், ஏத்தி இறக்கிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லம்மா, பழைய வண்டி, இருமத்தான் செய்யும்னு சொல்லி அனுப்பிட்டேன். கீழ லேசா எண்ணெ ஈரம் இருந்துச்சு. அதையும் பாத்தேன். பழைய வண்டிக்கு வேர்க்கத்தான் செய்யும்னு துடைச்சு விட்டுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை மறுபடி வந்தாங்க. கையில ஒரு நோட்டு. கணக்கு டீச்சர் இல்லையா, கட்டம் போட்டு எழுதி வச்சிருக்காங்க. தேதி, மணி, எத்தன விநாடி சத்தம். ஆறாம் தேதி மூணு விநாடி. ஏழாம் தேதி மூணு. ஞாயித்துக்கிழமை வண்டி நின்னு, திங்கக்கிழமை எடுத்தா அஞ்சு. எண்ணெ எத்தன சொட்டு தரையிலன்னுகூட எழுதியிருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு சார். வண்டிக்கு மார்க் போடுறீங்களா டீச்சர்னு கேட்டேன். அவுங்களும் சிரிச்சாங்க. ஆனா நோட்ட மூடல. கொஞ்ச நேரம் திறந்தே வச்சிருந்தாங்க.

உங்களுக்கு இது புரியணும். இது ஒண்ணும் மந்திரமில்ல. இஞ்சினுக்குள்ள முன்பக்கம் ஒரு செயின் ஓடும். டைமிங் செயின். அதத் தளர விடாம இறுக்கிப் பிடிக்க ஒரு சாமான் இருக்கு, அது எண்ணெ அழுத்தத்துல வேலை செய்யும். வண்டி ராத்திரி பூரா நின்னா எண்ணெ இறங்கிரும். காலையில ஸ்டார்ட் பண்ணுன உடனே எண்ணெ மேல ஏறி வர்ற வரைக்கும், மூணு நாலு விநாடி, செயின் தொளதொளன்னு அடிக்கும். எண்ணெ ஏறுன பெறகு கப்சிப். இதுல எண்ணெ வேற கசிஞ்சு அளவு கொறஞ்சிருந்தா கேக்கவே வேணாம். அப்ப பதினெட்டு கிலோமீட்டர் ஓடி, சூடா வந்து நிக்கிற வண்டியில நான் காத வச்சா என்ன கேக்கும்? ஒண்ணும் கேக்காது. வண்டிய ராத்திரி கடையில நிறுத்தி, காலையில நானே சாவி போட்டுக் கேக்கணும். தொழிலுக்கு வந்த முத வருசமே தெரிஞ்சுக்குற விசயம் இது.

தெரியாமலா இருந்துச்சுன்னு கேக்குறீங்க. தெரியும் சார். அதே வாரம் ஒரு ரைஸ்மில் காரரு இதே கம்ப்ளெயிண்டோட வந்தாரு. காலையில என்னமோ கடமுடாங்குது இன்னாசின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ராத்திரி விட்டுட்டுப் போங்கண்ணேன்னு சொன்னேன். காலையில கேட்டேன், மாத்திக் குடுத்தேன்.

டீச்சர்கிட்ட ஏன் சொல்லலைன்னு எனக்கே தெரியல. அப்ப கடையில இடம் இல்ல. அதான் காரணம்னு நினைக்கிறேன். ரைஸ்மில்காரர் வண்டிக்கு இடம் இருந்துச்சே அப்படின்னா, அது சின்ன வண்டி.

சரி, அது பெரிய வண்டிதான். விடுங்க.

மூணாவது தடவ வீட்டுக்காரரோட வந்தாங்க. தணிகாசலம்னு பேரு. ஆபீஸ்ல சூப்பிரண்டு. நல்ல மனுசன், அதிர்ந்து பேச மாட்டாரு. அவரு ஸ்கூட்டர்ல போறவரு, காரை சாயங்காலந்தான் எடுப்பாரு, டீச்சர் கொண்டு வந்து வாசல்ல நிறுத்துன சூடு ஆறுறதுக்குள்ள. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனாக்கூட, வண்டிய ஷெட்டுல இருந்து டீச்சர்தான் வெளிய எடுத்து வைப்பாங்க. அந்தச் சந்துல கேட்டுக்கும் தண்ணிக் குழாய்க்கும் நடுவுல வண்டி போனா ரெண்டு பக்கமும் சாண் அளவுதான் இடம், பின்னால எடுக்க அவருக்கு வராது. அவரு வீட்டப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள சத்தம் வந்து நின்னுருக்கும். அதனால அந்தச் சத்தம் இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேட்டுச்சு.

அவரு என்னையத் தனியாக் கூப்பிட்டு, நான் ஓட்டுறப்ப ஒரு நாளும் சத்தம் வந்ததில்ல இன்னாசி, இவ ஓட்டுறப்ப மட்டும் எப்படி வரும், ஆக்சிலேட்டர மிதிக்கிற மிதியாத்தான் இருக்கும்னாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இருக்கலாம்னேன். எத்தன பேரு அப்படி மிதிச்சு இஞ்சினக் கெடுத்துக் கொண்டாந்திருக்காங்கன்னு நாலு கதையும் சொன்னேன். கதை கேக்க ஆளு கிடைச்சா நான் அப்படித்தான். அப்பறம் அவரு, வாயால சொன்னா அவ நம்ப மாட்டா, எழுதிக் குடுங்கன்னாரு.

அந்த வாரந்தான் லெட்டர் பேடு அச்சடிச்சு வந்திருந்துச்சு. மேல என் பேரு, ஸ்பேனர் படம், போன் நம்பரு. இன்னும் ஒரு தாளு கிழிக்கல. யாராச்சும் எழுதிக் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். உள்ள போயி நிதானமா உக்காந்து எழுதுனேன் சார். வண்டியைப் பரிசோதித்ததில் எந்தச் சத்தமும் இல்லை, ஓட்டும் முறையில் கவனம் தேவை. கையெழுத்து. சீலு. பெரிய இஞ்சினியர் கணக்கா.

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் படிச்சாங்க. சத்தம் போடல, அழுகல. என்னையப் பாத்து, "நான் வண்டியத்தான பாக்கச் சொன்னேன், மெக்கானிக்"னாங்க. அவ்வளவுதான். நோட்ட பைக்குள்ள வச்சாங்க. திரும்பிப் போறப்ப வீட்டுக்காரரு ஸ்டியரிங்ல உக்காந்தாரு. இவுங்க இந்தப் பக்கம்.

அன்னைக்கோட சாவி அவரு கைக்குப் போயிருச்சு. இஞ்சின் கெட்டுரும், பாதி வழியில நின்னா பொம்பளையாளு என்ன பண்ணுவ, அதான் மெக்கானிக்கே எழுதிக் குடுத்துட்டாரேன்னு. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சது, காலையில அந்தச் சின்ன ஹாரன் வரல. லீவு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். தணிகாசலம் போன் போட்டாரு. அன்னைக்கு ஷெட்டுல விட்ட வண்டி எடுக்காமலே நிக்குது, தரையெல்லாம் எண்ணெ, வந்து எடுத்துட்டுப் போங்கன்னாரு. காலையில ஆறே முக்காலுக்குப் போனேன். அவரு குளிச்சிட்டிருந்தாரு. டீச்சர்தான் சாவி எடுத்துக் குடுத்தாங்க. ஒரு சொம்பு தண்ணி கேட்டேன், எடுத்துட்டு வர உள்ள போனாங்க. வாசல்ல இருந்து பாத்தா ஃபிரிட்ஜ் தெரியுது. ஃபிரிட்ஜ் மேல காந்தத்துல ஒரு தாளு ஒட்டியிருக்கு. மேல ஸ்பேனர் படம்.

ஷெட்டுக்குப் போனேன். சாவி போட்டேன்.

அடேயப்பா. தகர டப்பாவுல புளியங்கொட்டை. அச்சு அசல் அதேதான் சார், டீச்சர் சொன்ன அதே சத்தம். சுவரெல்லாம் திருப்பி அடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. நின்னுருச்சு. அப்பறம் தையல் மிஷின்.

நிமிந்து பாத்தா டீச்சர் ஷெட்டு வாசல்ல நிக்கிறாங்க. கையில தண்ணிச் சொம்பு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, தோள்ல பை. முகத்துல என்ன ஒரு வெளிச்சம்ங்கிறீங்க. ஜெயிச்ச முகமில்ல. அப்பாடான்னு ஒரு முகம். அவுங்க கேட்டாங்க:

"இப்பக் கேட்டுச்சா, மெக்கானிக்?"

உள்ள குளியலறையில தண்ணி நின்னுருச்சு. கதவு திறக்குற சத்தம் கேக்குது. தணிகாசலம் துண்டோட வர்றாரு. அந்தத் தாளு ஃபிரிட்ஜ் மேல இருக்கு, என் சீலோட. முப்பத்திரண்டு வருசக் காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்?

"என்னதும்மா?"ன்னேன்.

என்னதும்மான்னு கேட்டேன் சார் நான். இஞ்சினு அடிச்ச அடியில தெருநாயி எந்திரிச்சு ஓடுது, பக்கத்துல உக்காந்திருக்கிற இன்னாசிக்குக் கேக்கலையாம்.

அந்த முகத்துல இருந்த வெளிச்சம் போனத நான் பாத்தேன். சொம்ப கீழ வச்சாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நடந்து போயிட்டாங்க. நான் அந்தத் தண்ணிய குடிச்சேன். அதான் எனக்கு இன்னும் ஆறல. தாகமா இருந்துச்சு, குடிச்சுட்டேன்.

வண்டிய ஓட்டல சார், இஞ்சின நிறுத்திட்டு, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன். ஏன் இழுக்கணும்னு தணிகாசலம் கேட்டதுக்கு, எண்ணெ சுத்தமா இல்ல, ஓட்டக்கூடாதுன்னேன். அது பொய்யில்ல. கடையில வச்சு முன்பக்கத்த நல்லா கழுவி, காயவச்சு, முகத்துப் பவுடர வாங்கித் தூவி, ஓடவிட்டுப் பாத்தேன். எண்ணெ ஈரமாத் தெரியிற எடத்துல கசியாது பாருங்க, காத்து அதத் தள்ளிக்கிட்டுப் போயிரும். வெள்ளைப் பவுடர்ல எங்க மொதக் கோடு விழுதோ அதான் எடம். செயின் மூடிக்கு அடியில சீல் போயிருந்துச்சு. மூடியக் கழட்டுனா, செயின் கழுத்துல போட்ட மணி மாதிரி தொங்குது. அது உரசிப் போற பிளாஸ்டிக் பட்டை துண்டு துண்டா உடைஞ்சு அடியில கிடக்கு. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா செயின் பல் தாண்டி, இஞ்சின் மொத்தமும் நொறுங்கியிருக்கும். மலையடிவார ரோட்டுல, எங்கயாச்சும்.

எல்லாத்தையும் மாத்துனேன். செயின், பட்டை, இறுக்குற சாமான், சீல், எல்லாம் புதுசு, என் கைக்காசுல. தணிகாசலத்துக்கிட்ட எண்ணெ மட்டும் மாத்துனேன்னு சொல்லி எண்ணெக்கு மட்டும் வாங்குனேன். மூணு நாள் நான் வேற வேலையே பாக்கல. நானே ராத்திரி நிறுத்தி, காலையில நானே ஸ்டார்ட் பண்ணிக் கேட்டேன். நாலு நாள் கேட்டேன். ஒரு முணுமுணுப்பு இல்ல. சரி, செஞ்ச தப்புக்குப் பண்ண வேண்டியதப் பண்ணியாச்சுன்னு மனசு லேசாச்சு சார். சத்தியமா லேசாச்சு. நல்லா சாப்பிட்டேன் அன்னைக்கு.

ஒரு வாரம் கழிச்சு தணிகாசலம் கடைக்கு வந்தாரு. கையில அரைக் கிலோ மைசூர்பாகு. சிரிச்ச முகம். இப்ப தினமும் காலையில நாந்தான் எடுக்குறேன் இன்னாசி, ஷெட்டு வாசல்லயும் பழகிட்டேன், ஒரு தடவதான் குழாயில இடிச்சேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சத்தம் வந்திருக்கணுமே? அவளைப் பக்கத்துல நிக்க வச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுனேன். பாத்தியா, ஓட்டுற கைதான் காரணம், மெக்கானிக் அன்னைக்கே எழுதிக் குடுத்தாருல்லன்னு சொன்னேன். அவளும் ஒண்ணும் சொல்லல, ஒத்துக்கிட்டான்னாரு.

மைசூர்பாகு கையில வாங்கிட்டேன். அப்பத்தான் சார் எனக்கு உறைச்சுச்சு, நான் என்ன பண்ணியிருக்கேன்னு. அந்தச் சத்தம் ஒண்ணுதான் டீச்சர் பக்கத்துச் சாட்சி. அதையும் நான் கழட்டி எடுத்துட்டேன்.

அவுங்களுக்கு இப்ப நோட்டு மேலயே சந்தேகம் வந்திருக்குமா? ஆறாம் தேதி மூணு விநாடின்னு எழுதுனோமே, கேட்டுச்சா கேக்கலையான்னு? அத நினைச்சாத்தான் எனக்கு சோறு இறங்க மாட்டேங்குது.

சொல்லிட்டீங்களான்னு கேக்குறீங்க. எத்தன பேர்ட்ட சொல்லிட்டேன் தெரியுமா? உங்கள மாதிரி கடைக்கு வந்தவங்க ஏழெட்டுப் பேரு. என் பொஞ்சாதிகிட்ட. சர்ச்சுல செஞ்ச பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயும் சொன்னேன். அவரு, என்கிட்ட சொன்னது போதாது, அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லுன்னுட்டாரு. அதுல இருந்து நான் அந்தக் கோயிலுக்குப் போறதில்ல. தள்ளி இன்னொரு கோயில் இருக்கு, அங்க பூசை பாக்குறேன். அங்க சாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

சொல்லக்கூடாதுன்னு இல்ல சார். சொல்லலாம்னு ரெண்டு தடவ அந்தத் தெரு வரைக்கும் போனேன். தணிகாசலம் என்ன நினைப்பாரு, ஊர்ல என்ன பேசுவாங்க, இன்னாசிக்குக் காது போச்சும்பாங்க. தொழில் என்னாகும்? உங்களுக்கே தெரிஞ்சா நீங்க வருவீங்களா? அதுவும் இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது. அவுங்களும் பழகியிருப்பாங்க. ரெண்டு வருசமாகப் போகுது.

மணி என்ன சார்? ஏழே காலா? அப்ப எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்பப் பாருங்க. நீங்க பாருங்க, நான் பாக்கல. கண்ணாடி போட்டு, கையில ஊதாக் குடை வச்சுக்கிட்டு, தூண் பக்கத்துல நிப்பாங்க. நிக்கிறாங்களா? அவுங்கதான். முதுகு அப்படியே நேராத்தான் நிக்கும். இந்தப் பக்கம் பாக்குறாங்களா? பாக்க மாட்டாங்க. ஒரு நாளும் பாத்ததில்ல.

அந்த டிராயர இழுங்க. பேப்பர்ல சுத்தி ஒண்ணு இருக்கு பாருங்க, பிரிங்க. அந்தச் செயின்தான். உடைஞ்ச பட்டையும் கூட இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. கையில பிடிச்சுப் பாருங்க, எவ்வளவு தொளதொளன்னு இருக்கு. இதப் பாத்தா கணக்கு டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாம், தானா விளங்கிரும். சார், நீங்க வெளியூரு. உங்களுக்கு இதுல போறது வர்றது ஒண்ணுமில்ல. ரோட்டத் தாண்டிப் போயி இத அவுங்க கையில குடுத்துட்டு, மெக்கானிக் குடுக்கச் சொன்னாருன்னு மட்டும்...

சரி. வேணாம். ஞாயந்தான் நீங்க சொல்றது. நான் குடுக்குறதுதான் முறை. பேப்பர்ல சுத்தியே வச்சிருங்க.

உங்க சாவியக் குடுங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்குக் காலையில ஆறரைக்கு வாங்க, உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. சாவிய அவுங்களே திருகட்டும். நானும் நீங்களும் பக்கத்துல நின்னு கேப்போம். எழுதிக் குடுக்குறத அதுக்கப்பறம் பாத்துக்கலாம்.

என்ன சார், கூரையப் பாக்குறீங்க? நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னா? ஆமா. இது மேக்கப் பாத்த கடை. காலையில வெயில் கடைக்குப் பின்னாடிதான் இருக்கும். ரோட்டுப் பக்கத்துல இருந்து எப்படி மூஞ்சியில அடிக்கும்? சாயங்காலம் வேணா அடிக்கும். நீங்க ஒருத்தர்தான் அதக் கவனிச்சீங்க.

பஸ் வருது. எனக்கு இங்கிருந்தே கேக்குது, பாலத்துகிட்ட வருது. முன் சக்கரத்துல பேரிங் தேஞ்சிருக்கு அதுல, டிரைவர்ட்ட சொல்லணும். நின்னுருச்சு. ஏறிட்டாங்களா சார்? ஏறுனதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. திரும்பிக்கிறேன்.